ஈரமும் இடியும்: மலை வீட்டில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது

ஜூன் பாதியில் மழை இறங்கிவிட்டால் ஊட்டியிலும் கூடலூரிலும் துணி காயாது, உப்பு நீர்த்துவிடும், தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய் வருவதும் அதே காற்றுதான். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. எந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் நான்கைந்து மாதம் இயந்திரம் ஈரத்தில்தான் கிடக்கிறது.

கம்ப்யூட்டரைப் பராமரிப்பது பற்றி நம் கைக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் சமவெளிக்காரர்கள் சொன்னது. சூடாகாமல் பார், ஏசி போடு, வேலை முடிந்ததும் அணைத்து உறை போட்டு மூடு. மலையில் இவற்றில் பாதி பொருந்தாது, சில கெடுதலே செய்யும். இங்கே ஒரு மெஷின் செத்துப்போவது பெரும்பாலும் மூன்று வழிகளில்: உள்ளே ஈரம் கோத்து, கரண்டில் அடிபட்டு, வெளியிலிருந்து வரும் ஒயர் வழியாக இடி இறங்கி. ஈரத்தில் தொடங்குவோம். மற்றதைவிட அது மெதுவாக வேலை செய்கிறது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 14 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் இருக்கும் காற்றை 19 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமலே ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐந்து டிகிரிதான் வித்தியாசம். பழைய மலை வீடுகளில் பட்டுப்புடவை அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிடும் வழக்கம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பெயர்தான் ஜீரோ வாட். அந்த இழை பல்பு 10 முதல் 15 வாட் வரை இழுத்து, ஏறக்குறைய அத்தனையையும் சூடாகவே விடும். அதே இடத்தில் இப்போது விற்கும் அரை வாட் எல்இடி பல்பைப் போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது, பூஞ்சணம் போகாது. கேமரா, லென்ஸ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வைக்கும் மர அலமாரிக்கு இழை பல்புதான் வேண்டும். துணி, காகிதம், ஒயர் எதுவும் பல்புக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரக்கூடாது.

டெஸ்க்டாப்புக்குத் தனி பல்பு தேவையில்லை, அதன் சூடே போதும். மழை மாதங்களில் வேலை இருக்கிறதோ இல்லையோ, தினமும் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓடவிட வேண்டும். சும்மா ஓடும் டெஸ்க்டாப் 40 முதல் 60 வாட் இழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 0.1 யூனிட் சுமார். இந்தச் செலவைப் பார்த்துப் பார்த்து மாதக்கணக்கில் அணைத்து வைக்கும் மெஷின்தான் ஆகஸ்டில் பழுதுக்கு வருகிறது. பிளாஸ்டிக் உறையையும் மழைக்காலத்தில் கழற்றிவிட வேண்டும். தூசிக்காகப் போடும் உறை, உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியே விடாது. பெட்டி தரையைத் தொடாமல் ஒரு அடி உயரத்தில், மலையை ஒட்டிய சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும். மண்ணை வெட்டிக் கட்டிய வீடுகளில் அந்தப் பின்சுவர் எப்போதும் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் அறையில் ஒன்று வையுங்கள். 40 முதல் 60 வரை நல்லது. 75-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு அழைப்பு வைத்த மாதிரி. சிலிக்கா ஜெல் பைகளும் உதவும், ஆனால் மூடிய டப்பாவுக்குள் மட்டும். திறந்த அறையில் ஒரு பையை வைப்பதால் எதுவும் ஆகாது. நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். நீலம் ரோஜா நிறமாகும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது; சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டவும் வேண்டாம். ஆரஞ்சு பச்சையாகும் வகை பரவாயில்லை.

பனிக்காலத்தில் ஈரம் வேறு வேடத்தில் வரும். தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இரவு முழுக்கக் காரிலோ, ஹீட்டர் போடாத அறையிலோ கிடந்த லேப்டாப் 4, 5 டிகிரிக்கு வந்திருக்கும். அதைக் கொண்டுவந்து ஹீட்டர் எரியும் அறையில் திறந்தால் என்ன ஆகும்? அறை 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 16 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் கோக்கும். குளிரில் இருந்து வந்தவரின் மூக்குக்கண்ணாடி மங்குவது இதனால்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம், மதர்போர்டைத் துடைக்க முடியாது. பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒன்றரை மணி நேரம் அறையில் அப்படியே வையுங்கள். நீர் பையின் வெளிப்பக்கத்தில் கோத்து, அங்கேயே காய்ந்துவிடும். அது வரைக்கும் சார்ஜரும் மாட்டக் கூடாது. உறையும் குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் நிரந்தரமாகக் குறையும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பங்களா, விடுமுறை முடிந்து திறக்கும் பள்ளி, தோட்ட அலுவலகம்: இங்கெல்லாம் போனவுடன் பவர் பட்டனை அழுத்துவதுதான் பெரிய தவறு. கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் ஏசி திருத்தப்பட்டு ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக நிற்கும். அந்த மின்னழுத்தம் ஈரத் தூசியைப் பாலமாக வைத்துக்கொண்டு ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஒரு ‘பட்’ சத்தம், கொஞ்சம் கருகல் வாசனை, அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உலர்ந்த அறையில் ஒரு டேபிள் ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து அரை மணி நேரம் காட்டலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

காயவைத்த பிறகும் திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால், முதலில் ராமை (மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை) பாருங்கள். அதன் பொன்னிறப் பற்கள் மேல் ஈரம் ஒரு மங்கல் படலத்தை விட்டிருக்கும். கழற்றி, வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து மாட்டுங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் ‘டிக்’ என்று விழ வேண்டும். மழைக்கால ‘டெட்’ மெஷின்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே உயிர் பெறும்.

தூசியைப் பற்றி ஒன்று. குன்னூர், கோத்தகிரி தேயிலை ஃபேக்டரி அலுவலகங்களில் இருக்கும் மெஷினைத் திறந்தால், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்கில் பழுப்பு நிறத்தில் மெல்லிய பஞ்சு அடைந்திருக்கும். தூள் பிரிக்கும் இடத்திலிருந்து பறந்து வரும் தேயிலை நார் அது. தேயிலை இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஆகவே சாதாரணத் தூசி போல இது காற்றை மட்டும் அடைப்பதில்லை, நனைந்த துணி போல போர்டின் மேல் ஒட்டிக்கிடக்கும். விறகடுப்புப் புகைக்கரியும் சேர்ந்தால் பசையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போகும். ஒட்டிய பஞ்சுக்குப் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் போதும், ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

குளிர் ஊர் என்பதால் சூடேறும் பிரச்சினையே இல்லை என்று நினைக்கக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. ஃபேன் தள்ளும் காற்று மெல்லியது, அது சுமந்து போகும் சூடும் குறைவு. வெளிக்குளிர் இதை ஈடுகட்டிவிடும். ஆனால் லேப்டாப்பைக் கம்பளி மேலேயோ மடியில் ரஜாய் மேலேயோ வைத்து, பக்கத்தில் ஹீட்டரும் எரிந்தால் ஈடுகட்ட ஒன்றும் இல்லை. ஒரு பலகை, அல்லது பெரிய புத்தகம் அடியில் வையுங்கள்.

கரண்ட்

கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கிளையோ சீகை மரமோ கம்பி மேல் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம். போவதால் மெஷினுக்குப் பெரிய ஆபத்து இல்லை, வரும்போதுதான் ஆபத்து. லைன் மறுபடி உயிர் பெறும் முதல் சில நொடிகளில் வோல்டேஜ் துள்ளும். கரண்ட் போனவுடன் கம்ப்யூட்டர் ஸ்விட்சை அணைத்து, வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இதைவிட மோசமானது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுவது. வீட்டில் சில விளக்கு திடீரென்று பளீரென்றும், சில மங்கியும் எரிந்தால், ஏன் என்று யோசிக்காமல் மெயினை அணையுங்கள். நியூட்ரல் போன லைனில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 வோல்ட்கூட வரும். ஸ்பைக் பஸ்டர் இதைத் தாங்காது, அது நொடியில் ஒரு சிறு பங்கு நேரமே இருக்கும் துள்ளலுக்கு மட்டும் செய்தது. மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று மாட்டிக்கொள்வது, திரும்பத் திரும்ப எஸ்எம்பிஎஸ் வாங்குவதைவிட மலிவு.

எர்த் விஷயத்தில் மலை வீடுகள் ரொம்பவும் அசட்டையாக இருக்கின்றன, அது வருத்தமாக இருக்கிறது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் ‘ஜிவ்’வென்று ஏறுகிறதா? பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவே வருவதும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அங்கே 20, 30 என்று காட்டினால் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கலாம், அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம். குழாய் எர்த்துக்கு இரண்டரை மீட்டர் ஆழம் வேண்டும். பாறை குறுக்கிட்டதென்று இரண்டடியில் நிறுத்திய குழிகள் இங்கே ஏராளம். பாறையானால் பென்டொனைட் களிமண் கலந்த எர்த் கலவை போட்டு, எர்த் பட்டையைக் கிடைமட்டமாக நீளமாகப் புதைக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் நனைந்து எர்த் நன்றாகவே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் குழி காய்ந்துவிடும். கோடை இடி வருவதோ ஏப்ரல், மே மாதத்தில். எர்த் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள்.

இடிக்கு முன் பிளக்கைப் பிடுங்குவதுதான் பாதுகாப்பு. ஸ்விட்ச் அணைத்தால் போதாது. அது பேஸை மட்டும் துண்டிக்கிறது, நியூட்ரல் ஒட்டியே இருக்கிறது. ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடி எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் மலைமுகடுகள் சத்தத்தை மறைத்துவிடுவதால் இங்கே அந்தக் கணக்கை நம்ப முடியாது. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும். மதியம் மேகம் கருத்தாலே பிடுங்கிவிடுவது நல்லது. தலைக்கு மேல் இடிக்கும்போது ஓடிப்போய்ப் பிளக்கைத் தொடாதீர்கள். அப்போது மெஷின் போனாலும் போகட்டும்.

பனிக்காலத்தில் ரூம் ஹீட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பெட்டி 6 ஆம்பியருக்குச் செய்தது. ஒயர் சூடேறி, வோல்டேஜ் இறங்கி, யூபிஎஸ் மாறி மாறிக் கத்தும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் தனியாக வேண்டும்.

யூபிஎஸ் வாங்கும்போது: 600 விஏ என்று எழுதியது 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு சாதாரண டெஸ்க்டாப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டும். கோப்பைச் சேமித்து அணைக்க அது போதும், வேலை பார்க்க அல்ல. குளிரில் அந்த நேரமும் குறையும். உறைநிலையில் லெட் ஆசிட் பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குதான் தரும். இன்டர்நெட்டுக்கு மட்டும் தனியாக ஒரு மினி டிசி யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். மோடமும் ரௌட்டரும் சேர்ந்து 10 வாட் சுமார். 2,000 மில்லி ஆம்பியர் செல் நான்கு உள்ளது ஏறக்குறைய 30 வாட்-அவர். இரண்டரை மணி நேரம் வரும். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படியுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக மாற்றி மாட்டினால் மோடம் போய்விடும்.

வெளியிலிருந்து வரும் ஒயர்

ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் பாயாது. ஆகவே ஃபைபர் வந்தபின் இடிக்கு மோடம் போகாது என்று நம்புகிறார்கள். வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரைப் பாருங்கள்: பல வகைகளில் இழைக்குத் துணையாக ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். கம்பத்துக்குக் கம்பம் ஓடும் அந்தக் கம்பி இடியை நேராக ஜன்னல் வரை கொண்டுவரும். லைன் போட வருபவரிடம், அந்தக் கம்பியை வெளிச்சுவர் கொக்கியோடு வெட்டி நிறுத்திவிட்டு, இழை மட்டும் உள்ளே வரும்படி செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒயர் உள்ளே நுழையும் துளைக்கு முன்னால் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். மூடுபனியில் ஒயரோடு வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. குரங்கு நடமாடும் பகுதியானால் கை எட்டும் உயரம் வரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

பக்கத்து காட்டேஜுக்கு இணைப்புக் கொடுக்க செம்பு லேன் ஒயரை வெளியே இழுக்கவே கூடாது. இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறு. இடிநேரத்தில் அந்த ஒயர்தான் இரண்டுக்கும் பாலம். இரண்டு பக்கமும் உள்ள மெஷின்கள் சேர்ந்து போகும். லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடியும், இரும்பில்லாத ஃபைபரும் வாங்கினால் அந்தக் கவலை ஒழிந்தது.

இணைப்பு அறுந்தால் மோடம் விளக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பென்றால் ஒளியே வரவில்லை. வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது, அல்லது வீட்டுக்குள் யாரோ ஒயரைக் கட்டில் காலால் நசுக்கியிருக்கிறார்கள். ‘பான்’ (PON) விளக்கு நிலையாக எரியாமல் துடித்தால் ஒளி வருகிறது, போதவில்லை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (dBm) வரை நன்று, மைனஸ் 27 விளிம்பு. வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வையுங்கள். மழையில் மட்டும் அளவு கீழே போனால் ஜாயின்ட் பெட்டிக்குள் நீர் போகிறது, அல்லது கிளை ஒயரை அழுத்துகிறது. புகார் கொடுக்கும்போது ‘நெட் ஸ்லோ’ என்பதற்குப் பதில் இந்த இரண்டு படத்தையும் காட்டினால், வருபவர் ரௌட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது. பச்சை முனையை நீலச் சாக்கெட்டில் செருகாதீர்கள். உள்ளே ஒன்றின் முகம் சாய்ந்தது, மற்றதின் முகம் நேரானது. ஒளி பெருமளவு வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

விளக்கெல்லாம் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், கமாண்ட் விண்டோவில் ‘பிங்’ கட்டளையில் முதலில் ரௌட்டர் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), அடுத்து வெளியே இருக்கும் 8.8.8.8, அடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயர் என்று வரிசையாகக் கேளுங்கள். முதலாவதே பதில் தராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். இரண்டாவதில் நின்றால் லைன். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் சேவை, மட்டும்தான் கெட்டிருக்கிறது.

பழைய பங்களாக்களின் ஒன்றரை அடிக் கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு அறை தாண்டாது. 2.4 கொஞ்சம் தாண்டும், வேகம் குறைவு. ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை விரயமாக்குவதைவிட, உள்ளே ஒரு லேன் ஒயர் இழுத்து அடுத்த அறையில் இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயின்டாக (அந்த ஒயரில் வருவதை வைஃபையாகப் பரப்புவது) வைப்பது நிலையானது. தகரக் கூரை வீட்டில் 4ஜி டாங்கிளை வீட்டு நடுவில் வைக்காதீர்கள், டவர் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். மொபைல் டேட்டாவில் ஓட்டும் நாளில் விண்டோஸில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’ (அளவான டேட்டா) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு அப்டேட் அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும்.

லைன் அறுந்த நேரத்தில் வருபவர்கள்

மழையில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, பதற்றம். அந்த நேரத்தில்தான் மனிதர் ஏமாறுகிறார். நெட் கம்பெனியின் எண்ணைத் தேடுபொறியில் தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அழைக்கிறார். அது மோசடிக்காரர் விளம்பரமாக வைத்த எண்ணாக இருக்கலாம். “சார், ஒரு ஆப் போடுங்க, நான் இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன்” என்று எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் சொல்வார். போட்ட நிமிடத்திலிருந்து உங்கள் திரையும், வந்து விழும் ஓடிபியும் அவருடையவை. ஃபைபர் கோளாறை உங்கள் போன் திரையைப் பார்த்து யாரும் சரிசெய்ய முடியாது. உங்கள் பில்லில் அச்சிட்ட எண், உள்ளூர் அலுவலக எண் இரண்டையும் மோடத்தின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். தேட வேண்டிய தேவையே வராது.

‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற குறுஞ்செய்தியும் இதே ரகம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அது உண்மை போலவே தெரியும். பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து வருவதைத் திறக்காமல், மின்வாரியச் செயலியில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவையைப் பாருங்கள்.

காட்டேஜ் நடத்துபவர்களுக்கு வருவது வேறு. “நான் ஆர்மி ஆபீசர், வெலிங்டன் வர்றேன், நாலு நாளுக்கு ரூம் வேணும், அட்வான்ஸ் இப்பவே அனுப்பறேன்” என்று பேச்சு தொடங்கும். வெலிங்டனில் ராணுவம் இருப்பதால் நம் ஊரில் இது சட்டென்று நம்பப்படுகிறது. அடுத்து ஒரு க்யூஆர் வரும்: “இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க மேடம், பணம் வந்துடும்.” பணம் வாங்க யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகிறது. கவுன்டரில் உட்காரும் பையன், சமையல் அக்கா வரை இந்த ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

விருந்தினருக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டையே கொடுப்பதை நிறுத்துங்கள். புக்கிங் கணக்கு, வங்கி எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரும், முன்பின் தெரியாத பத்துப் பேரின் போனும் ஒரே வலையில் கிடக்கின்றன. ரௌட்டர் பக்கத்தில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ போட்டு, உள் வலையை அது பார்க்கக் கூடாது என்ற தேர்வையும் அழுத்துங்கள். அதே பக்கத்தில் இன்னும் சில வேலை இருக்கிறது: அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது, பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனிலோ பின்னிலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைப்பது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைப்பது, வைஃபை பாதுகாப்பு முறையைக் குறைந்தது டபிள்யூபிஏ2-வில் வைப்பது. கால் மணி நேரம் ஆகும்.

கரண்ட் போவதற்கும் பாதுகாப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி இருக்கிறது. 3 வோல்ட் இருக்க வேண்டியது வலுவிழந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உடனே பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று கத்தும். தேதியைத் திருத்தாமல் ‘பரவாயில்லை, தொடர்’ என்று அழுத்திப் பழகிவிட்டால், நிஜமான போலித் தளம் வரும் நாளிலும் கை அதையே அழுத்தும். பேட்டரி ஐம்பது ரூபாய் சுமார். மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ‘ஏபிகே’ (ஆப் நிறுவும்) கோப்பு வந்தால் திறக்காதீர்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11 ஏறாத பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட் போட்டால் பில் போடவும் மெயில் பார்க்கவும் தாராளமாக ஓடும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். யாரும் திட்ட வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், எதிராளி எண், ஸ்கிரீன்ஷாட்டுகள் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதற்கு நிமிடங்கள்தான் இருக்கின்றன. மறுநாள் காலை வரை பொறுத்தால் தாமதம்.

கடைசியாக, கோப்புகளின் நகல். 2009 நவம்பர் மண்சரிவில் வீடுகளே போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பட்டா, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், படங்கள் எல்லாம் ஒரே வீட்டில் ஒரே டிஸ்க்கில் இருக்கக் கூடாது. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று கிளவுடில், ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருக்கட்டும். அந்த டிஸ்க்கை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கும் சித்திரைக்கும் போகும்போது அதை மாட்டி, நான்கைந்து கோப்பைத் திறந்து பார்த்து, புதியதைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.